முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் எந்தத் தீவுக்குப் போகலாம்?

கோயம்புத்தூர் வாசகர் ஒருவரின் கேள்வி: "வரும் பிப்ரவரியில் ஆறு இரவுகள் ஒரு தீவில் ஓய்வாகத் தங்க விரும்புகிறோம். நான், மனைவி, எட்டு வயது மகள், 67 வயதான என் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. மரங்களும் பறவைகளும் அமைதியான கடலும் இருந்தால் போதும். அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு ஆகிய மூன்றில் எது எங்களுக்குப் பொருந்தும்?"

உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு செய்திகளே இதற்கு விடை சொல்லிவிடுகின்றன. ஒன்று அம்மாவின் முழங்கால். மற்றொன்று, யாருக்கும் நீச்சல் தெரியாது என்பது. கட்டணம், விடுதி, புகைப்படங்கள் எல்லாம் அவற்றுக்குப் பின்னால்தான் வரவேண்டும்.

மாலத்தீவும் லட்சத்தீவும் பவளத் தீவுகள். பழைய எரிமலை ஒன்று மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ, அதைச் சுற்றி வளர்ந்த பவளப்பாறை வளையமாக எஞ்சி, அந்த வளையத்தின்மேல் மணல் சேர்ந்து உருவானவை. மாலத்தீவின் நிலப்பரப்பில் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர்கூட உயரமில்லாதது. தென்னையும் தாழையும் கடற்கரைப் புதர்களும் அங்கே உண்டு. காடு என்று சொல்லத்தக்கது இல்லை. அத்தீவுகளின் செல்வம் பெரும்பாலும் நீருக்கடியில்தான் இருக்கிறது. அந்தமானோ, மியான்மரின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி மீண்டும் தலைநீட்டும் முகடுகளின் வரிசை. வடக்கு அந்தமானிலுள்ள சேடில் பீக் 732 மீட்டர் உயரம் கொண்டது. மழைக்காடு அங்கே பல இடங்களில் கடற்கரை வரை இறங்கி வருகிறது. வேறெங்கும் காண முடியாத பறவைகள் அந்தக் காட்டில் வாழ்கின்றன. நீரில் இறங்காதவர்களுக்கும் பார்க்க நிறைய இருக்கும் இடம் மூன்றில் அதுவே என்பதால், அந்தமானையே பரிந்துரைக்கிறேன்.

லட்சத்தீவை நான் தள்ளிவைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. குழந்தைக்கு அதைவிடப் பாதுகாப்பான கடல் கிடைப்பது அரிது. பவளப்பாறை அரண்போல் நிற்பதால் உட்புறக் காயல் அலையின்றிக் கிடக்கும். ஆனால் கொச்சியிலிருந்து செல்லும் கப்பல் பல தீவுகளில் காயலுக்கு வெளியிலேயே நின்றுவிட, பயணிகள் ஆடிக்கொண்டிருக்கும் சிறு படகுக்கு மாறிக் கரைசேர வேண்டும். முழங்கால் வலி உள்ளவரை அந்த இடத்தில் நிறுத்த எனக்கு மனமில்லை. விமானத்தில் லட்சத்தீவின் அகத்தித் தீவு வரை போகலாம் என்றாலும், நுழைவு அனுமதி முன்கூட்டியே பெற வேண்டும், இருக்கைகளும் குறைவு. மாலத்தீவுக்கு அந்தத் தொல்லை இல்லை, இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் விசா இலவசமாகவே கிடைக்கும். ஆயினும் கடலுக்குள் இறங்காத நான்கு பேர் அங்கே செலவிடும் பணத்தில் பாதி, காணாத காட்சிக்கான கட்டணமாகவே முடியும்.

அந்தமானிலும் எந்தத் தீவு என்பதில் கவனம் வேண்டும். பெரும்பாலோர் ஹேவ்லாக்கிற்கே போகிறார்கள். 2018 முதல் அதன் பெயர் சுவராஜ் த்வீப். ராதாநகர் கடற்கரையின் பின்னால் நிற்கும் பெருமரங்களுக்காகவே அதை விரும்புபவன் நான். இருந்தும் உங்களுக்கு அதன் அருகிலுள்ள சிறிய நீல் தீவையே, அதாவது இன்றைய ஷகீத் த்வீப்பையே சொல்வேன். நிலம் பெரும்பாலும் சமதளம். எந்தக் கடற்கரையும் ஆட்டோவில் சில நிமிடத் தொலைவுதான். கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வயல்களும் காய்கறித் தோட்டங்களும் தீவின் நடுவே பரந்திருப்பதால், மாலையில் அம்மா மெதுவாக நடந்துவர நிழலான சாலைகள் உண்டு.

ஆறு இரவுகளை மூன்று தீவுகளுக்குப் பங்கிட்டுத் தரும் திட்டங்களை ஏற்க வேண்டாம். ஒவ்வொரு மாற்றமும் பெட்டி கட்டுவது, படகுத்துறையில் காத்திருப்பது, படகில் ஏறி இறங்குவது என்று அரைநாளை விழுங்கிவிடும். சென்னையிலிருந்து இரண்டரை மணி நேரத்திற்குள் விமானம் போர்ட் பிளேரில், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நகரில், இறங்கும். அன்றிரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலைப் படகில் நீல் தீவுக்குச் சென்று நான்கு இரவுகள் இருங்கள். கடைசி இரவை மீண்டும் நகரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காற்று வலுத்துப் படகு ரத்தானாலும் விமானம் தவறாது. நகரில் கிடைக்கும் அந்த மாலையில் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிடியா டாப்பு என்ற காட்டோரக் கடற்கரைக்கு வாடகைக் காரில் போய்வாருங்கள். அந்தமான் மரங்கொத்தியும் அந்தமான் வால்காக்கையும் அங்குள்ள மரங்களில் கண்ணில் படக்கூடும். உயரமான மரத்தில் மரங்கொத்தி தட்டும் ஓசை முதலில் கேட்கும், பறவை பிறகுதான் தெரியும்; ஒரு சாதாரண தொலைநோக்கி கையில் இருந்தால் மகளுக்கும் பொழுது போகும்.

நீல் தீவில் விடுதியைவிட முக்கியமானது ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியல். முழுநிலவு, அமாவாசை நாள்களையொட்டிக் கடல் ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஏறி இறங்குகிறது. காலையில் குளிக்க ஏற்றதாய்த் தோன்றிய கரை, சில மணி நேரத்தில் கூர்மையான பாறையும் முட்டளவு நீருமாக மாறிவிடும். இதை அறியாமல் போய், "கடலே இல்லை" என்று ஏமாந்து திரும்பியவர்களை நான் அறிவேன். நீர் ஏறியிருக்கும் வேளையில் பரத்பூர் கரையோரம் குழந்தை காலை நனைக்கட்டும். நீர் வற்றும் வேளையில் லட்சுமண்பூரின் இரண்டாம் கரைக்குப் போனால், இயற்கையாக அமைந்த பாறைப் பாலத்தையும் பாறைக் குழிகளில் தங்கிவிட்ட சிறுமீன், நண்டு, கடல் அட்டை ஆகியவற்றையும் நீச்சலே தெரியாமல் பார்க்கலாம். ஆனால் அந்த வழி கரடுமுரடானது, வழுக்கும். உங்களில் ஒருவர் பிடிமானமுள்ள காலணியுடன் மகளை அழைத்துச் செல்ல, மற்றவர் அம்மாவுடன் மர நிழலில் இருப்பதே நல்லது. வற்றும் நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், பயணத் தேதியை முடிவுசெய்யும்போதே நாள்காட்டியில் நிலவையும் பாருங்கள்.

பரத்பூரில் நண்பகலையொட்டி ஒருநாள் பயணிகளும் இயந்திரப் படகுகளும் நிறைந்திருக்கும். அதிகாலையிலும் மாலையிலும்தான் அமைதி. இந்திய நேரக் கணக்கிற்கு மிகக் கிழக்கே இருப்பதால் பிப்ரவரியில் அங்கே ஆறு மணிக்குள் விடிந்து, மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இரவு உணவை ஏழு மணிக்கு முடித்து, சீக்கிரம் படுத்து, விடியலில் சீதாபூர் கரையில் இருப்பதுதான் அந்தத் தீவுக்கு ஏற்ற ஒழுங்கு.

எச்சரிக்கைகள் சில. அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010இல் ஹேவ்லாக்கில் ஒரு பயணி முதலையால் உயிரிழந்தார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும் ஓடையோ அலையாத்திக் காடோ கடலில் கலக்கும் இடத்திலும் காலைக்கூட நனைக்க வேண்டாம். மாலையில் மணல் ஈக்கள் கடிக்கும். கால்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் குறையும். அம்மாவின் மருந்துகளை ஆறு நாளுக்கு மேலாகவே எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் பெரிய சிகிச்சை எதுவானாலும் நகருக்குத்தான் வரவேண்டும். மகள் பொறுக்கிச் சேர்க்கும் பவளத் துண்டுகளையும் சங்குகளையும் கரையிலேயே விட்டுவரச் சொல்லுங்கள். பவளமும் சில வகைச் சங்குகளும் 1972ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, திரும்பும்போது விமான நிலையத்தில் பைகளைச் சோதிப்பார்கள்.