ஸ்கிரீனிங்கில் எச்எஸ்பி104 வரவில்லை என்றால் முழு வேலையும் தவறா?

கேள்வி கேட்டவர், ஈஸ்டின் நீக்கத் திரிபுத் தொகுப்பை (ஒவ்வொரு திரிபிலும் ஒரு மரபணு மட்டும் நீக்கப்பட்டது) 39 டிகிரி செல்சியஸில் வளர்த்துப் பார்த்து, வெப்பம் தாங்காதவற்றைப் பட்டியலிட்டிருக்கிறார். வெப்பம் தாங்குவதற்குப் பேர்போன எச்எஸ்பி104 என்ற மரபணு அந்தப் பட்டியலில் இல்லாததால் வழிகாட்டி சந்தேகப்படுகிறாராம். ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலத்தில், துறைக் கருத்தரங்கு ஒன்றில் முன்வரிசையிலிருந்து இதே கேள்வி என்னை நோக்கி வந்தது. பதில் சொல்லத் தெரியாமல் "மறுபடியும் செய்து பார்க்கிறேன், சார்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தேன். அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

தவறில்லை. அந்த மரபணு உங்கள் பட்டியலில் வந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன். வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை ஆராய்ந்த சூசன் லிண்ட்குவிஸ்டின் ஆய்வகம் 1990இல் எச்எஸ்பி104 பற்றி வெளியிட்ட கட்டுரையிலேயே இதற்கு விடை இருக்கிறது. அந்த மரபணு இல்லாத ஈஸ்ட், சாதாரண வெப்பநிலையிலும் சற்றுக் கூடுதலான வெப்பநிலையிலும் இயல்பான ஈஸ்டைப் போலவே வளர்ந்தது. திடீரென்று கடும் வெப்பத்தில் போட்டபோது இரண்டும் ஒரே வேகத்தில் செத்தன. முதலில் 37 டிகிரியில் வைத்துப் பழக்கிவிட்டுப் பிறகு 50 டிகிரிக்குக் கொண்டுபோனபோதுதான் வேறுபாடு தெரிந்தது: இயல்பான ஈஸ்ட் அந்தப் பழக்கத்தால் பிழைத்துக்கொண்டது, எச்எஸ்பி104 இல்லாததற்கு அந்தப் பழக்கம் பயன்படவில்லை. வெப்பத்தால் சிதைந்து ஒன்றோடொன்று கட்டியாக ஒட்டிக்கொண்ட புரதங்களைப் பிரித்தெடுப்பதே அந்தப் புரதத்தின் வேலை. 39 டிகிரியில் இரண்டு நாள் மெதுவாக வளரும் செல்லுக்கு அந்த வேலை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. வெப்பத்தில் வளர்வது ஒரு பண்பு, வெப்பத்தில் சாகாமல் இருப்பது இன்னொரு பண்பு. நீங்கள் முதலாவதைச் சோதித்துவிட்டு, இரண்டாவதன் மரபணுவைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதனால் உங்கள் பட்டியல் முழுவதும் சரி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் முதல் பட்டியலில் 71 பெயர்கள் இருந்தன. ஏறத்தாழ 4,800 திரிபுகளையும் 96 முனை கொண்ட ரெப்ளிகேட்டரால் (ஒரே நேரத்தில் 96 திரிபுகளைப் பதிக்கும் கருவி) அகார் பிளேட்டுகளில் பதித்து, ஒரு பிரதியை 30 டிகிரியிலும் இன்னொரு பிரதியை 39 டிகிரியிலும் வைத்து, காலனிகளின் அளவை ஒப்பிட்டு எடுத்தவை அவை. மகிழ்ச்சியில் ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. பிறகு எந்தத் திரிபு எந்தப் பிளேட்டில் இருந்தது என்று குறித்துப் பார்த்தால், 71இல் பாதிக்கு மேல் ஏழெட்டுப் பிளேட்டுகளிலிருந்தே வந்திருந்தன. அவை அனைத்தும் இன்குபேட்டரின் மேல்தட்டில், விசிறிக்கு நேர் கீழே அடுக்கப்பட்டவை. ஒரு குடுவையில் தண்ணீர் ஊற்றி, அதில் தெர்மாமீட்டரை நிறுத்தி, இரவு முழுவதும் அந்தத் தட்டில் வைத்தேன். வெளியே எண்பலகை 39 என்று காட்டிக்கொண்டிருக்க, காலையில் பாதரசம் 41ஐத் தொட்டிருந்தது. இந்த ஆய்வக ஈஸ்டுக்கு 39க்கும் 41க்கும் இடையே உள்ள இரண்டு டிகிரி சிறு வித்தியாசம் இல்லை. 39இல் தள்ளாடி வளர்வது 41இல் ஏறக்குறைய நின்றேவிடும். போதாக்குறைக்கு அந்தத் தட்டில் அகாரும் ஓரங்களில் காய்ந்து சுருங்கியிருந்தது. பிறகு கீழ்த்தட்டில் தண்ணீர்த் தட்டம் வைத்து, பிளேட்டுகளை மேலும் கீழுமாக மாற்றி மூன்று முறை செய்ததில் 26 பெயர்களே மிஞ்சின.

அந்த 26ஐ, சர்க்கரைக்குப் பதிலாகக் கிளிசரால் மட்டும் உள்ள பிளேட்டில் போட்டேன். மைட்டோகாண்ட்ரியா வேலை செய்யாத ஈஸ்ட் அதில் வளராது. பதினொன்று வளரவில்லை. நாம் பயன்படுத்தும் ஆய்வக இனம் மைட்டோகாண்ட்ரிய மரபணுத்தொகுதியை எளிதில் இழக்கக்கூடியது. இழந்தால் வெப்பத்தில் வளர்வதும் சிரமமாகிறது. அந்தப் பதினொன்றில் சில, நீக்கப்பட்ட மரபணுவாலேயே மைட்டோகாண்ட்ரியாவை இழந்தவை. மற்றவை உறைபெட்டியில் இருந்த ஆண்டுகளில் தற்செயலாக இழந்தவை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் அதிக நாள் ஆனது. எஞ்சியவற்றில் நீக்கப்பட்ட மரபணுவைப் பிளாஸ்மிடில் (செல்லுக்குள் செலுத்தக்கூடிய சிறு டிஎன்ஏ வளையம்) வைத்துத் திருப்பிக் கொடுத்தபோது, வெப்பம் தாங்கும் திறன் திரும்பி வந்தவை ஐந்துதான். திரும்பி வராதவற்றில் பழுது வேறெங்கோ இருந்தது. நீக்கத் திரிபுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டில் குரோமோசோம் எண்ணிக்கையோ அதன் பகுதிகளோ மாறியிருப்பதை 2000ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார்கள் என்பதை நான் பிறகுதான் படித்தேன்.

ஒவ்வொரு திரிபிலும் உள்ள பார்கோடு என்ற அடையாள டிஎன்ஏ துண்டை வைத்து, எல்லாத் திரிபுகளையும் ஒரே குடுவையில் வளர்த்து, அந்தத் துண்டுகளைச் சீக்வென்ஸ் செய்து எண்ணினால் இந்தத் தட்டுத் தகராறு எதுவும் வராதே என்று யாராவது வந்து சொல்லக்கூடும். உண்மைதான், தட்டுத் தகராறு வராது. ஆனால் 30 டிகிரியிலேயே மெதுவாக வளரும் திரிபுகள், வெப்பம் தொடங்குமுன்பே கூட்டத்தில் குறைந்துபோய்விடும். அதற்கான கன்ட்ரோலைச் செய்யாமல் வெளிவந்த பட்டியல்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அன்று முன்வரிசையிலிருந்து கேட்டவர்மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. ஐந்து மரபணுக்களையும் திரும்ப வைத்து நிரூபித்த பிளேட்டுகளைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். அவற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. தெரிந்த பெயர் ஏன் வரவில்லை என்பதொன்றே கேள்வியாக இருந்தது. தெரிந்த பெயர்கள் வராமல் போவதற்கு இந்தத் தொகுப்பின் அமைப்பே காரணம். வெப்ப எதிர்வினையின் தலைமைச் சுவிட்சான எச்எஸ்எஃப்1 இல்லாமல் ஈஸ்ட் உயிர்வாழாது. ஆகவே ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரே பிரதி மட்டும் உள்ள (ஒற்றைக் குரோமோசோம் தொகுதி கொண்ட) ஈஸ்டுகளின் தொகுப்பில் அந்த நீக்கத் திரிபு இருக்க முடியாது. புரதங்கள் சரியாக மடிய உதவும் எஸ்எஸ்ஏ குடும்பத்தில் நான்கு மரபணுக்கள் உள்ளன. ஒன்றை நீக்கினால் மற்றவை அந்த வேலையை எடுத்துக்கொள்கின்றன. எஸ்எஸ்ஏ1, எஸ்எஸ்ஏ2 இரண்டையும் சேர்த்து நீக்கினால்தான் 37 டிகிரியில் தடுமாற்றம் தெரியும். ஒவ்வொன்றாக நீக்கும் சல்லடையில் இவை விழுவதில்லை.

"வெப்பம் தாங்கும் மரபணு" என்ற சொல்லையே நான் இப்போது தயக்கத்தோடுதான் பயன்படுத்துகிறேன். ஒன்றை நீக்கினால் தாங்கவில்லை என்பதால், அதை அதிகமாகக் கொடுத்தால் கூடுதலாகத் தாங்கும் என்றாகிவிடாது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், 40 டிகிரி அளவில் நெடுநாள் வளர்த்துப் பழக்கிய ஈஸ்டில் எர்ஜி3 என்ற மரபணு பழுதாகியிருந்தது. செல் சவ்வில் உள்ள ஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் மாறியதாலேயே அது வெப்பத்தில் நன்றாக வளர்ந்தது. அங்கே இழப்புதான் இலாபமாயிற்று. 2002இல், நோயாளி ஒருவரின் நுரையீரலிலிருந்து எடுக்கப்பட்ட ஈஸ்டின் வழிவந்த இனத்தையும் ஆய்வக இனத்தையும் கலந்து, 41 டிகிரியில் வளரும் திறன் எங்கிருந்து வருகிறது என்று தேடினார்கள். ஒரே சிறு பகுதிக்குள் எம்கேடி1, இஎன்டி3, ஆர்எச்ஓ2 என்று மூன்று மரபணுக்கள் பின்னிக் கிடந்தன. வெப்பம் தாங்காத ஆய்வக இனத்தின் வடிவமும் அவற்றுள் ஒன்றில் உதவியது. இத்தகைய வடிவ வேறுபாடுகளின் கூட்டு விளைவை நீக்கத் தொகுப்பு தனியாகக் காட்டியிருக்காது.

உங்களுக்கு எத்தனை வாரம் மீதமிருக்கிறது என்று எழுதவில்லை. திட்டப்பணி முடியும் தறுவாயில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வழிகாட்டியோடு வாதாட வேண்டாம். தொகுப்பிலிருந்து எச்எஸ்பி104 நீக்கத் திரிபை எடுங்கள், இயல்பான ஈஸ்டையும் எடுங்கள். இரண்டையும் வளரும் பருவத்திலேயே எடுக்க வேண்டும். இரவெல்லாம் வளர்ந்து ஓய்ந்த செல்கள் வெப்பத்தை ஏற்கெனவே தாங்கும் நிலையில் இருப்பதால் ஒப்பீடு குழம்பிவிடும். 37 டிகிரியில் அரைமணி நேரம், பிறகு 50 டிகிரி வாட்டர் பாத்தில் பத்து நிமிடம், உடனே பனிக்கட்டியில் வையுங்கள். பத்துப் பத்து மடங்காக நீர்த்து, ஐந்து மைக்ரோலிட்டர் துளிகளாக ஒரே பிளேட்டில் வரிசையாக வைத்து, 30 டிகிரியில் இரண்டு நாள் விடுங்கள். இயல்பான ஈஸ்ட் நான்காவது துளிவரை வெள்ளைப் புள்ளிகளாக எழுந்து, பக்கத்து வரிசை முதல் துளியோடு நின்றுவிட்டால், உங்கள் தொகுப்பும் சரி, திரிபும் சரி. அந்தப் பிளேட்டின் படத்தை உங்கள் 39 டிகிரிப் பிளேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டி வழிகாட்டியிடம் காட்டுங்கள். தெர்மாமீட்டரை வாட்டர் பாத்திலும் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.