கடைசியில் வரும் பெயர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டென்வர் நக்கெட்ஸ் கூடைப்பந்து அணியைப் பற்றிய உங்கள் கட்டுரையில் இஷ் ஸ்மித் என்ற பெயர் ஒரே வரியில் வந்து போனது. பதின்மூன்று அணிகளுக்கு ஆடியவர், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.யின் வரலாற்றில் அவருக்கு முன் யாரும் அத்தனை அணிகளுக்கு ஆடியதில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டவே முடியவில்லை. நான் இதுவரை ஐந்து கம்பெனி மாறியவன். வீட்டுக்கு வருகிற உறவினர்கள் “ஒரு எடத்துல நெலச்சு நிக்க மாட்டியாப்பா?” என்று கேட்டுவிட்டுத்தான் காபி டம்ளரையே தொடுகிறார்கள். அவரைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். ஆனால் பதின்மூன்று அணிகளும் வேண்டாம் என்றுதானே அனுப்பிவிட்டன? அவர் ஆடியதில் ஒரே ஒரு ஆட்டம் பார்க்கலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

எஸ்.,
திருச்சி

அன்புள்ள எஸ்.,

வேண்டாம் என்று அனுப்பியவர்களும் உண்டு. ஆனால் எல்லா இடமாற்றமும் அப்படி நடந்ததல்ல. என்.பி.ஏ.யில் ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரரை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே இன்னொரு அணிக்கு மாற்றிக்கொடுக்கலாம். ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் உச்சவரம்பைத் தாண்டிவிட்ட அணிகள், கொடுக்கும் சம்பளமும் வாங்கும் சம்பளமும் ஏறத்தாழ ஒத்துவரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் பெரிய பெயர் ஒன்று கைமாறும்போது, கணக்கை நேர்செய்ய சிறிய சம்பளக்காரர் ஒருவரும் கூடப் போவார்.

ஸ்மித்தின் வாழ்க்கையை இந்தச் செய்திகளிலேயே படித்துவிடலாம். 2011 பிப்ரவரியில் ஹூஸ்டனிலிருந்து மெம்ஃபிஸுக்குப் போனவர் ஷேன் பாட்டியர், கூடவே ஸ்மித். 2013 பிப்ரவரியில் ஆர்லாண்டோவிலிருந்து மில்வாக்கிக்கு ஜே.ஜே. ரெடிக், கூடவே ஸ்மித். மில்வாக்கியில் அவர் இருந்தது ஆறு மாதத்துக்குச் சற்று மேல்தான். அந்த ஆகஸ்டிலேயே ஃபீனிக்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். 2022 ஜூலையில் வாஷிங்டனிலிருந்து டென்வருக்குப் போனவர் கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்; கூடவே ஸ்மித். முன்பு நான்கு பேர் தலா பன்னிரண்டு அணிகளுக்கு ஆடியிருந்தார்கள். டென்வர் சட்டையோடு களமிறங்கிய அன்று அவர்களை ஸ்மித் தாண்டினார். சாதனை என்று எழுதிவிட்டோம். ஆனால் அந்தச் செய்தியிலும் அவர் பெயர் கடைசியில்தான் இருந்தது.

எந்த அணியும் அவரைக் கையோடு வைத்துக்கொள்ளாததற்கு ஆட்டத்திலேயே காரணம் உண்டு. உயரம் ஆறடி. புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் டிராஃப்டில், 2010இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 60 பேரில் அவர் இல்லை. கையில் பந்தோடு அவர் ஓடும் வேகத்துக்கு ஈடுகொடுத்தவர்கள் குறைவு. ஆனால் தூரத்திலிருந்து எறிவதில் ஆரம்ப ஆண்டுகளில் மிகவும் பின்தங்கியிருந்தார். அவர் ஆடிய காலமோ, லீக் முழுக்க மூன்று புள்ளி எறிதலை நோக்கித் திரும்பிய காலம். எறிய மாட்டார் என்று தெரிந்தால் தடுப்பவர் அவரை விட்டுவிட்டுப் பின்வாங்கி, கூடைக்கு அருகே போய் நின்றுகொள்வார். மற்ற நான்கு பேருக்கும் இடம் குறுகிவிடும். அந்த வேகத்துக்காக அணிகள் அவரை அழைத்தன. இந்தக் குறைக்காக அடுத்த ஆண்டு வேறு ஆள் தேடின. இதில் யாரையும் கெட்டவராக்க வேண்டியதில்லை.

நான் பெருமையாகச் சொன்னது வேறொன்றை. ஸ்மித் பாயிண்ட் கார்ட், அதாவது பந்தை எடுத்து வந்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர். யார் எங்கே நிற்க வேண்டும், யார் யாருக்குத் தடுப்பு வைக்க வேண்டும் என்று கைச்சைகையில் சொல்வது அவர் வேலை. ஒவ்வொரு அணியிலும் சைகை வேறு, பயிற்சியாளரின் திட்டம் வேறு. ஓரமாக நின்று எறிபவருக்கு அணி மாறுவது அவ்வளவு பெரிய சங்கடம் இல்லை. பாயிண்ட் கார்டுக்கு அப்படியல்ல. வந்த இரண்டாம் நாளே, தன்னைவிட அந்த அணியை நன்றாக அறிந்த நான்கு பேரை அவர் நடத்த வேண்டும். ஒத்திகை இல்லாமல் புதுப் பாடகரோடு மேடையேறி, முதல் கீர்த்தனை முடிவதற்குள் அவர் போக்கைப் பிடித்துவிடும் மிருதங்கக்காரரின் வித்தை அது.

2015 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிலடெல்ஃபியா செவன்டி-சிக்ஸர்ஸ் அதுவரை அந்தப் பருவத்தில் ஒரே ஒரு ஆட்டம்தான் வென்றிருந்தது. அணியில் உயரமான இளைஞர்கள் இருந்தார்கள், நெர்லன்ஸ் நோயல் போல. அவர்களுக்குக் கூடைக்கு அருகே, சரியான கணத்தில் பந்தைக் கொண்டுசேர்க்கத்தான் ஆள் இல்லை. முந்தைய பருவத்தின் கடைசிப் பகுதியில் ஸ்மித் அங்கே ஆடி, அதைச் செய்து காட்டியிருந்தார். அப்புறம் விட்டுவிட்டார்கள். இப்போது அதே ஆளைத் திரும்பப் பெற டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் ஆள் எடுக்கும் உரிமைகள் இரண்டை, அப்போது அவர் இருந்த நியூ ஆர்லியன்ஸுக்குக் கொடுத்தார்கள். இம்முறை அவர் யாரோடும் ஒட்டிக்கொண்டு போகவில்லை. அவருக்காகவே நடந்த வியாபாரம் அது. ஃபிலடெல்ஃபியா அந்தப் பருவத்தில் கடைசிவரை வென்றது 10 ஆட்டம், தோற்றது 72. அவர் வந்தும் நல்ல அணியாகிவிடவில்லை. ஆனால் பார்க்கக்கூடிய அணியாயிற்று. ஓடினால் பந்து வரும் என்ற நம்பிக்கையோடு பையன்கள் ஓட ஆரம்பித்தார்கள். அந்த மாதங்களின் பலனாகத்தான் 2016இல் டெட்ராய்ட் அவருக்கு மூன்று ஆண்டு, 1.8 கோடி டாலர் ஒப்பந்தம் தந்தது. அவர் அதிக காலம் இருந்த ஊர் அதுதான்.

இதை ஆறுதல் கதையாக்க எனக்கு விருப்பமில்லை. அந்த லீக்கில் பத்து நாள் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. ஒரே அணியில் இருமுறை அதில் ஆடிவிட்டால், மூன்றாவது முறை பருவம் முடியும் வரை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும். அப்படி வந்து, பெயர் பதியாமலே திரும்பிப் போகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். ஸ்மித் 14 பருவங்கள் ஆடினார். 2023இல் டென்வர் தன் முதல் என்.பி.ஏ. பட்டத்தை வென்றபோது அந்த அணியில் இருந்தார், ப்ளே-ஆஃபில் அவருக்குக் கிடைத்த நேரம் சொற்பம் என்றாலும். பட்டம் வென்ற அணிக்குத் தரும் மோதிரம் அவருக்கும் உண்டு.

உங்கள் ஐந்து கம்பெனிகளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் ஐந்தாவது இடத்தில் முதல் வாரம் நீங்கள் செய்த வேலையை, முதல் கம்பெனியில் முதல் வாரம் உங்களால் செய்திருக்க முடியுமா? உறவினர்கள் கேட்கிற கேள்வியை விட்டுவிட்டு இதை யோசித்துப் பாருங்கள்.

பார்க்க வேண்டிய ஆட்டம்: 2015 டிசம்பர் 26, ஃபீனிக்ஸ். ஃபிலடெல்ஃபியாவுக்கு அவர் திரும்பி வந்து ஆடிய முதல் ஆட்டம், அந்தப் பருவத்தில் அணியின் இரண்டாவது வெற்றி. புள்ளிக் கணக்கை விடுங்கள். எதிரணியின் எறிதல் தவறியதும் பந்து ஸ்மித் கைக்கு வருகிற கணத்தில், மற்ற நான்கு பேரின் கால்களைப் பாருங்கள்.