சந்தா ஏறுது, அட்டையை விட்டுவிடலாமா?

கேள்வி: வயது 62. மருத்துவ அட்டைக்கான காப்புறுதிச் சந்தா எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. நிறுத்திவிடலாமா? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அவசரப்படாதீர்கள். நிறுத்திவிட்டுப் பிறகு புதிதாக எடுக்கப் போனால், இருக்கிற சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பெரும்பாலும் காப்புறுதி கிடைக்காத விலக்குப் பட்டியலில் போய்விடும்.

2024 டிசம்பரில் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்தபடி, சிகிச்சைச் செலவால் வரும் சந்தா உயர்வைக் காப்புறுதி நிறுவனங்கள் குறைந்தது 3 ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும். இது 2026 இறுதிவரை. நிறுவனம் உங்களுக்கு அனுப்பிய கடிதத்தில் அப்படிப் பரப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அடுத்து, சந்தாவைக் குறைக்க இணைக்கட்டணத் திட்டம் (பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்டுவது) கேளுங்கள். 5 விழுக்காடு என்றால் 18,000 ரிங்கிட் பில்லில் உங்கள் பங்கு 900. அந்தப் பங்குக்கு உச்சவரம்பு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். வரம்பு இல்லாவிட்டால் பெரிய பில்லில் கை கடிக்கும். அவசர சிகிச்சைக்கும் அரசு மருத்துவமனைக்கும் இந்தப் பங்கு கிடையாது.

பில் ஏன் இப்படி வீங்குகிறது? தனியார் மருத்துவமனையில் டாக்டர் கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. மருந்து, கையுறை, ஊசிக்கு இல்லை. வில்லங்கமே அங்கேதான். விவரமான பில் கேட்டு, வரி வரியாகப் பாருங்கள். அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் மாதாந்திர மருந்தைத் தனியாரில் வாங்குவானேன்?