பெட்டிக்கு ஒரு கிலோ

கேள்வி: தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. அப்பா 25 வருஷமாக நண்டு கம்பெனி நடத்துகிறார். 22 நாட்டுப்படகுக்காரர்கள் எங்களிடம் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்கள். ஆளுக்கு 80,000 ரூபாய் வரை நிற்கிறது. பிடிக்கிற நண்டை எங்களுக்குத்தான் போட வேண்டும். வெளியே கிலோ 350 போனால் நாங்கள் 320 கொடுப்போம். பெட்டிக்கு ஒரு கிலோ தண்ணிக் கழிவு வேறு. கொட்டகையில் 11 பெண்களும் 6 ஆண்களும் வேலை பார்க்கிறார்கள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால், எம்.பி.ஏ. முடித்துச் சென்னையில் வேலையில் இருந்த நான் திரும்பி வந்து பொறுப்பு எடுத்திருக்கிறேன். கம்பெனிக்கு ஒரு நெறிமுறை எழுதி, ‘நேர்மையே எங்கள் மூலதனம்’ என்று பலகை மாட்டலாம் என்றேன். ‘நேர்மையா நடத்துனா ஆறே மாசத்துல கொட்டகைக்குப் பூட்டுதான்’ என்று அப்பா சிரிக்கிறார். இதற்கிடையில் ஒருவர், ஐஸ் ரூமில் ஒரு ராத்திரி மட்டும் நாலு மூட்டை வைத்துக்கொள்ள முடியுமா, நல்ல பணம் தருகிறேன் என்கிறார். அறத்தோடு தொழில் நடத்த முடியுமா? முடியும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

– பெயர் வேண்டாம், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மூட்டையை முதலில் முடித்துவிடலாம். வேண்டாம். நம் கரையில் ‘ஒரு ராத்திரி மட்டும்’ என்று வருகிற மூட்டைக்குள் என்ன இருக்கும் என்று நீங்களும் கேட்க வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. யானைக்கும் புலிக்கும் உள்ள அதே அட்டவணை. மாட்டினால் 3 முதல் 7 ஆண்டு. ஒரு தடவை சரி என்றால், அடுத்த தடவை அந்த ஆள் கேட்க மாட்டார், நேரே கொண்டுவந்து இறக்குவார்.

பலகையும் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் அதை மாட்டுகிற அன்று சாயங்காலம் 22 படகுக்காரர்களும் அதைப் படிப்பார்கள். படித்துவிட்டு, அதற்குக் கீழேயே பெட்டியை வைப்பார்கள். நீங்கள் ஒரு கிலோ கழிப்பீர்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். கரைக்குப் போனதும் சொல்வார்கள்.

எனக்கு 22 வயதில் ராமநாதபுரத்தில் ஒரு மண்டிக் கடையில் கணக்கு எழுதும் வேலை. அங்கே தொங்கு தராசில் சரக்கு வைக்கிற தட்டுக்கு எதிர்த்தட்டின் அடியில் கொட்டைப்பாக்கு அளவு புளி ஒட்டியிருக்கும். சரக்கு வாங்கும்போது மட்டும். கருப்பட்டி கொண்டுவரும் ஒரு பாட்டி, முந்தானையில் ஒரு கல்லை முடிந்து வருவார். எங்கோ சரியான தராசில் நிறுத்துப் பார்த்த ஒரு கிலோக் கல். எடை போடும்போது அதை அவிழ்த்துத் தராசுக்குப் பக்கத்தில் வைப்பார், அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசமாட்டார். அன்றைக்குப் புளி இருக்காது. மற்றவர்களுக்கு இருக்கும். நான் மூன்று வருஷம் அந்தப் புளியைப் பார்த்துக்கொண்டே கணக்கு எழுதினேன். என் கையெழுத்து நல்லா இருக்கும் என்று முதலாளி பாராட்டுவார். ஆகவே, உங்களுக்கு உபதேசம் செய்யும் தகுதியில் இதை எழுதவில்லை. கணக்கு மட்டும் தெரியும்.

கணக்கையே பார்க்கலாம். ஒரு படகுக்காரர் ஒரு நாளைக்கு ஒரு பெட்டி, 15 கிலோ நண்டு கொண்டுவருகிறார் என்று வையுங்கள். வெளியே போட்டால் 15 கிலோ, 350 வீதம் 5,250 ரூபாய். உங்கள் நோட்டில் ஏறுவது 14 கிலோ, 320 வீதம் 4,480. ஒரு நாளைக்கு 770 ரூபாய் வித்தியாசம். காற்று, மழை, விசைப்படகு போகும் நாட்கள் என எல்லாம் கழித்து வருஷத்துக்கு 150 நாள் வலை விடுகிறார் என்றாலும் 1,15,500 ரூபாய். அவர் வாங்கியிருக்கும் அட்வான்ஸ் 80,000. வருஷம் முடிந்த பிறகும் அந்த 80,000 அப்படியே நிற்கும். நூற்றுக்கு மூணு ரூபாய் வட்டிக்கு விடுகிறவரிடம் வாங்கியிருந்தால்கூட வருஷ வட்டி 28,800தான். உங்கள் அப்பா ‘நான் வட்டியே வாங்குறதில்ல’ என்று சொல்லியிருப்பாரே? எல்லா நண்டு கம்பெனிக்காரர்களும் சொல்வதுதான். அவர் பொய் சொல்லவில்லை. இந்தக் கணக்கை அவர் ஒருநாளும் இப்படிப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முன்பணம் வாங்கியதற்காக, ஒருவர் தன் உழைப்பில் விளைந்த பொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழந்தால், அதுவும் அந்தச் சட்டத்தின் வரையறையில் இருக்கிறது. உங்கள் அப்பாவைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. கரையோரம் முழுக்க இதுதான் வழக்கம், அவரும் அதன்படி நடந்தார். இனி நீங்கள் தெரிந்தே நடத்துவீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? எடையிலிருந்து. அதையும் நாளைக்கே. விலையைப் படிப்படியாகச் சரிசெய்யலாம், கழிவைப் படிப்படியாக நிறுத்த முடியாது. இந்த மாதம் முக்கால் கிலோ, அடுத்த மாதம் அரைக் கிலோ என்று குறைத்தால், எடுத்துக்கொண்டிருந்ததை நீங்களே ஒப்புக்கொண்டது போலாகும், எடுப்பதையும் நிறுத்தவில்லை என்றாகும்.

‘தண்ணி சொட்டுதே, அதுக்கு யார் காசு கொடுக்குறது?’ என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்வி. ஒரு பெட்டியை வந்ததும் நிறுங்கள். நண்டை ஓட்டை போட்ட கூடையில் கொட்டி, கால் மணி நேரம் கழித்து மறுபடி நிறுங்கள். படகுக்காரர் முன்னாலேயே. எவ்வளவு குறைகிறதோ அதுதான் கழிவு. பத்து நாள், பத்துப் பேர் நண்டில் செய்து பாருங்கள். அதைவிடச் சுலபம், எல்லார் நண்டையும் வடியவிட்டே நிறுப்பது. அப்புறம் கழிவு என்ற பேச்சே வராது. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை தொழிலாளர் துறை முத்திரை வேண்டும், அது எப்போது போட்டது என்று பாருங்கள். தராசின் எண் தெரியும் பக்கம் யாரைப் பார்த்து இருக்கிறது என்பதையும் பாருங்கள். அநேகமாக அப்பாவின் நாற்காலியைப் பார்த்துத்தான் இருக்கும். திருப்பி வைக்கச் செலவில்லை.

அடுத்தது அட்வான்ஸ். இதை ஒரேயடியாக நிறுத்துவது கொடுமை. என்ஜின் பழுதானால், வலை அறுந்தால், ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தால் அவர்களுக்கு உங்கள் கொட்டகைதான் வங்கி. கடன் இருக்கட்டும். நண்டு விலையிலிருந்து அதைப் பிரித்து விடுங்கள். அன்றன்றைய வெளி விலையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, அந்த விலையே கொடுங்கள். ஐஸ், வண்டி, உங்கள் உழைப்பு எல்லாவற்றுக்குமாகக் கிலோவுக்கு இவ்வளவு கமிஷன் என்று வெளிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய பணத்தில் நூற்றுக்கு ஐந்தோ எட்டோ கடனில் வரவு வைத்து, ஆளுக்கு ஒரு சின்ன நோட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். ஒரே நாளில் 22 பேருக்கும் செய்தால் உங்கள் கை கடிக்கும், எனக்குத் தெரியும். மாதம் இரண்டு படகு என்று மாற்றினால் ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிடும். 

‘கட்டு அவுந்தா அடுத்த கம்பெனிக்குப் போயிருவான்’ என்பதுதான் அப்பாவின் பயம். சிலர் போவார்கள். இப்போதும் போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள்? பெரிய நண்டை எங்காவது விற்றுவிட்டு, கால் உடைந்ததையும் சதைப் பிடிப்பில்லாததையும் உங்களிடம் கொண்டுவந்து போடுவது நடக்காத கொட்டகை எனக்குத் தெரிந்து இல்லை. கட்டிப்போட்டதால் உங்களுக்கு வரும் சரக்கு அதுதான். வெளி விலையே இங்கே கிடைக்கிறது, எடையும் சரி என்றால், பெரிய நண்டைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் அடுத்த ஊருக்கு யார் அலையப் போகிறார்கள்? மேலே வாங்குகிற ஏற்றுமதிக் கம்பெனி தரம் பார்த்துத்தான் விலை போடும். அந்த வித்தியாசத்தில் உங்கள் இழப்பில் ஒரு பங்கு திரும்பி வரும். முழுதாக வராது. லாபம் குறையத்தான் செய்யும். அது வேறு ஒருவரின் பணமாக இருந்ததால் குறைகிறது.

கொட்டகையில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி ஒரே வரியில் எண்ணிக்கை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மத்தியானம் படகு வந்தால் ராத்திரி வரை நிற்கிறவர்கள். அவர்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா? இல்லையென்றால் பலகைக்கு ஒதுக்கிய பணத்தை அதில் போடுங்கள். முள் குத்திய விரலோடு உப்புத் தண்ணீரில் கை வைப்பது எப்படி இருக்கும் என்று ஒருநாள் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள், கையுறை வாங்குவது நினைவில் நிற்கும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கென்று உள்ளகக் குழு வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்களிடம் 17 பேர். வருங்கால வைப்பு நிதி 20 பேரில் வருகிறது. சீசனில் தினக்கூலிக்கு வருகிறவர்களையும் சேர்த்து எண்ணிவிட்டு ஆடிட்டரிடம் பேசுங்கள்.

சினை நண்டு விஷயம் நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மஞ்சளாக இருக்கும் சினை கறுக்கக் கறுக்கப் பொரியும் நாள் நெருங்குகிறது. கறுத்த சினையோடு வரும் நண்டையும் உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சு நண்டையும் வாங்குவதில்லை என்று நீங்கள் முடிவு செய்தால், அதில் பாதியாவது வலையிலிருந்து உயிரோடு கடலுக்குத் திரும்பும். நீங்கள் வேண்டாம் என்றதைப் பக்கத்து கம்பெனி வாங்கும் என்பதும் உண்மைதான். அங்கே போய்ப் பேசிப் பாருங்கள். அவர்களும் பாக் நீரிணையில் நண்டு குறைந்ததைப் பற்றித்தான் புலம்பிக்கொண்டிருப்பார்கள்.

மேல் கம்பெனி உங்களுக்குப் பணம் தர இழுத்தடிக்கிறதா? 2006ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் தர வேண்டும். வெறும் வாங்கி விற்கும் வியாபாரிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நண்டை வேகவைத்துக் கொடுத்தால் அது உற்பத்திக் கணக்கில் வருமா என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக அப்பா. அவர் கெட்டவர் என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. ஊர்த் திருவிழாவுக்கு மைக் செட், படகுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய், பள்ளிக்கூட ஃபீஸ் என்று கொடுத்த மனிதராகத்தான் இருப்பார். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று கீழக்கரை வள்ளலைச் சொல்லி வளர்ந்த கரை இது, கொடுப்பதில் நமக்குக் குறையே கிடையாது. கொடுத்த கை வேறு, தராசு பிடித்த கை வேறு என்று இத்தனை வருஷம் யாரும் அவரிடம் சொன்னதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். மேலே உள்ள கணக்கை, உங்கள் நோட்டில் இருக்கிற ஒரு உண்மையான படகுக்காரர் பெயரில், உண்மையான எடையோடு போட்டு அவர் முன்னால் வையுங்கள். அந்த ஆளின் கடன் எந்த வருஷத்திலிருந்து நிற்கிறது என்று அவரையே கேளுங்கள். அவருக்கு நோட்டைப் பார்க்காமலே தெரியும். முதலில் யாருக்குக் கட்டை அவிழ்ப்பது என்று நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தப் பெயரை அவரே சொல்லட்டும், படகுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்வதும் அவராகவே இருக்கட்டும்.