உதட்டில் வந்த புற்று திரும்புமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64. கோத்தகிரிக்கு அருகே முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பீடிப் பழக்கம் உண்டு. கீழுதட்டில் ஆறாமல் பொருக்குத் தட்டிக்கொண்டே இருந்த புண்ணைப் புற்று என்று கண்டறிந்து, நான்கு மாதங்களுக்கு முன் கோயம்புத்தூரில் அறுவை செய்து அகற்றினார்கள். கட்டி 14 மில்லிமீட்டர். வெட்டிய ஓரங்களில் புற்று இல்லை என்கிறது அறிக்கை. கதிர்வீச்சு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். ‘கத்தி பட்டால் புற்று பரவும்’ என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். நோய் மறுபடி வருமா? அடிக்கடி மலையிறங்கிப் போக வேண்டுமா?

– வாசகி, கோத்தகிரி

பதில்: கத்தி பட்டுப் புற்று பரவுவதில்லை. அந்தப் பேச்சுக்குப் பயந்து அறுவையைத் தள்ளிப்போட்டு, கழுத்தில் நெறி கட்டிய பிறகு வருகிறவர்களைத்தான் நாங்கள் காண்கிறோம். உதட்டின் வெளிப்புறச் சிவந்த பகுதியில் வரும் புற்று, வாய்க்குள் கன்னத்திலும் நாக்கிலும் வருவதைவிடப் பொதுவாகச் சாதுவானது. தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். கழுத்தின் நிணநீர் நெறிகளுக்குப் பரவிவிட்டால் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிக்கு அறுவை, கதிர்வீச்சு ஆகிய இரண்டில் ஒன்றே பெரும்பாலும் போதும். எனவே கதிர்வீச்சைத் தவிர்த்ததில் குறையில்லை; பின்னாளில் தேவைப்பட்டால் அது கையிருப்பில் இருக்கும். ஆனால் அளவையும் ஓரத்தையும் மட்டும் படித்துவிட்டு அறிக்கையை மடித்து வைத்துவிடாதீர்கள். கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருந்தது, நரம்பைச் சுற்றிப் படர்ந்திருந்ததா, புற்றணுக்கள் எந்தத் தரத்தவை (எவ்வளவு வீரியமானவை) என்ற மூன்று விவரங்களும் அதில் இருக்கும். ஆழம் நான்கைந்து மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ, நரம்பைத் தொட்டிருந்தாலோ, புண் இரண்டு உதடுகளும் சேரும் வாயோரத்தில் இருந்திருந்தாலோ, கழுத்து நெறிகளுக்கும் சோதனையோ சிகிச்சையோ தேவையா என்று மருத்துவரிடம் நீங்களே கேட்க வேண்டும்.

நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்தான். ஆகவே முதல் ஆண்டில் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும், இரண்டாம் ஆண்டில் இரண்டு முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும் மலையிறங்கத்தான் வேண்டும். அதன் பிறகு இடைவெளி கூடும். உதடு நன்றாக இருக்கிறதே என்று போகாமல் இருந்துவிடுகிறார்கள். தழும்பு சுத்தமாக இருக்கும்போதே நோய் கழுத்தில் தலைகாட்டக்கூடும். வாரம் ஒரு முறை அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, தலையைச் சற்றுக் குனியச் சொல்லி, மோவாய்க்குக் கீழும் தாடை எலும்பின் உள்விளிம்பு நெடுகவும் விரல் நுனிகளால் மெல்ல அழுத்திப் பாருங்கள். புளியங்கொட்டை போலக் கெட்டியாக, வலியில்லாமல் ஏதேனும் தட்டுப்பட்டு இரண்டு வாரத்தில் கரையாவிட்டால், அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

அதே உதட்டின் வேறோர் இடத்தில் புதிதாக ஒரு புற்று முளைப்பதும் உண்டு. பழைய நோய் திரும்பியதாக அதைக் கொள்ள முடியாது. வெயிலும் புகையும் உதடு முழுவதையுமே பல ஆண்டுகளாகப் பாதித்து வைத்திருப்பதன் விளைவு அது. குளிரும் மூடுபனியும் உள்ள ஊரில் வெயிலா என்று கேட்பீர்கள். உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிரின் வீச்சு ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுகிறது. கோத்தகிரியோ ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகம் அந்தக் கதிரை முழுவதும் தடுப்பதில்லை. பனிக்காலத்தில் உதடு வெடிப்பது மலையில் வாடிக்கை என்பதால், வெடிப்புக்கும் புண்ணுக்கும் வேறுபாடு தெரியாமல் போகிறது. வெறும் வாஸ்லின் களிம்பு ஈரம் காக்குமே தவிர வெயிலைத் தடுக்காது, எஸ்.பி.எஃப் (வெயில் தடுப்பு அளவு) 30 உள்ள உதட்டுப் பூச்சும் அகன்ற விளிம்புள்ள தொப்பியும் தேவை.

பீடியை அவர் இன்னும் விடவில்லை என்றால், அடுத்த பரிசோதனையின்போது அதை மருத்துவரிடம் அவர் முன்னிலையிலேயே சொல்லிவிடுங்கள். மகள் சொல்லிக் கேட்காத தந்தையர் பலர், மருத்துவர் கேட்கும்போது மட்டும் உண்மையை ஒப்புக்கொள்கிறார்கள்.