சதவீத இயைபை (சேர்மத்தில் ஒவ்வொரு தனிமமும் நிறையில் எத்தனை சதவீதம் என்பதை) வைத்துத் தெரியாத தனிமத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஓர் ஆக்சைடில் 2 உலோக அணுவுக்கு 3 ஆக்சிஜன் அணு, நிறையில் 69.94% உலோகம். அது எந்த உலோகம் என்பது கேள்வி.

நமக்குத் தெரிந்த தனிமம் ஆக்சிஜன்தான், அதிலிருந்தே தொடங்குங்கள். உலோகம் போக மிச்சம் 30.06% ஆக்சிஜன். 3 மோல் (மோல் என்பது அணுக்களை எண்ணும் அலகு) ஆக்சிஜன் அணுவின் நிறை 3 × 16 = 48 கிராம். 48 கிராம் என்பது 30.06% என்றால், முழுச் சேர்மம் 159.7 கிராம். அதில் 48 போனால் 111.7, இரண்டு அணு இருப்பதால் பாதியாக்கினால் 55.85. தனிம வரிசை அட்டவணையில் பாருங்கள், இரும்பு. கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: அணுக்களின் விகிதம் தெரியாவிட்டால் சதவீதம் மட்டும் விடை தராது. பெரிலியம் ஆக்சைடில் பெரிலியம் சுமார் 36%. விகிதம் 2:3 என்று வைத்தால் அணு நிறை 13.5 வரும், 1:1 என்றால் 9. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேதியியலாளர்கள் இதில் உண்மையாகவே பிளவுபட்டிருந்தார்கள். தனிம வரிசை அட்டவணையை உருவாக்கிய மெண்டலீவ், அதில் 9 தான் பொருந்தும் என்றார். அப்புறம் 1884இல் பெரிலியம் குளோரைடின் ஆவி அடர்த்தியை அளந்து (அதிலிருந்து மூலக்கூறின் நிறை தெரியும்) அதையே உறுதிசெய்தார்கள்.