இரண்டாவது குழந்தைக்கு 12 வாரம்தானா?

சகோதரி, இரண்டாவது குழந்தைக்கு மகப்பேறு விடுப்பு 12 வாரம்தான் என்று உங்கள் ஹெச்.ஆர். (பணியாளர் பிரிவு) சொன்னது தவறு. மகப்பேறு பயன் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்து, இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் (2020) தொடரும் விதிப்படி, உயிருடன் இரண்டு குழந்தைகள் இருந்தால்தான் விடுப்பு 12 வாரமாகக் குறையும். உங்களுக்கு இருப்பது ஒரு பெண் குழந்தை. ஆகவே 26 வாரம். அதில் பிரசவத்துக்கு முன் 8 வாரம் வரை எடுக்கலாம். (முதல் பிரசவத்திலேயே இரட்டையர் என்றால் கணக்கு மாறும். பலர் இங்கேதான் இடறுகிறார்கள்.) பிரசவ எதிர்பார்ப்புத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும்.

வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். விடுப்புத் தொடங்கும் தேதியை எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். நீங்கள் இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் விடுப்புக்கான பணம் அங்கிருந்து வரும். கம்பெனியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அடுத்த பிள்ளையா வேலையா என்று தவிப்பதாக எழுதியிருந்தீர்கள். விடுப்பைவிடக் குழந்தைக் காப்பகம்தான் அதைத் தீர்மானிக்கும். ஒரு நிறுவனத்தில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் காப்பக வசதி கட்டாயம். ஆண்களும் கணக்கில் சேர்த்தி. உங்கள் கம்பெனியில் 70 பேர். காப்பகத்தில் இருக்கும் குழந்தையை ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் விடுப்புச் சம்பளம் முழுக்க முதலாளி தலையில். இளம்பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். விடுப்பில் இருக்கும்போது வேலைநீக்கம் செய்வது சட்டவிரோதம். செய்தால் தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள்.